ஐந்து செயின், ஒரு விளக்கு, 8616460799

55-வது கிளிக்கில் விளக்கு எரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதே கால் மணி. வெளியே நல்ல மழை, கரண்ட் இல்லை. 8616460799 எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் என்று தேட, சைக்கிள் செயின்களை வைத்து நான் கட்டிய கைப்பிடிக் கருவி இது. அதன் விளக்கு இரண்டு பென்சில் செல்லில் எரிவதால் வேலை நிற்கவில்லை. தொடங்கிய எண் 92,825. அதோடு 55-ஐக் கூட்டினால் 92,880. அதை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து 8616460799-ஐக் கழித்து, மிச்சத்துக்கு வர்க்கமூலம் போட்டேன். 3,199. மீதி பூஜ்யம். நோட்டை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்து, முதல் வரியிலிருந்து ஒரு தடவை சரிபார்த்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமையும் இடையில் பல சாயங்காலங்களும் எடுத்த வேலை. யாராவது இதைச் செய்ய நினைத்தால் நான் வீணாக்கிய மூன்று வாரம் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. அப்பா தொடங்கியது. நாகர்கோவிலில் கணிதம் படித்து முடித்த வருஷம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அன்றைக்குக் கடைக்கு வந்தவன், 25 வருஷம் ஆகிவிட்டது. கணக்கு மட்டும் விட்டுப்போகவில்லை.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 861 கோடியே 64 லட்சத்து 60 ஆயிரத்து 799. ஜெவன்ஸ் என்கிற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1874-ல் தன் நூலில் இதைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவரும் என்று தோன்றவில்லை என்றும் எழுதினார். பெருக்குவது எளிது, பெருக்கியதைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அவரே கருவி செய்யும் மனிதர்தான். தர்க்கக் கணக்குப் போட, சின்னப் பியானோ மாதிரி கட்டைகள் வைத்த ஒரு பொறியைச் செய்தவர். 1882-ல் கடலில் நீந்தும்போது மூழ்கி இறந்துபோனார். ஏழு வருஷம் கழித்து, 1889-ல், பஸ்க் என்பவர் எண்ணைப் பிரித்துவிட்டார். 1903-ல் அமெரிக்காவில் டி. என். லெமர் தன் வழியில் பிரித்தார். அந்த லெமரின் மகன் டி. எச். லெமர், 1920-களின் பின்பகுதியில், பெரிய எண்களைச் சல்லடை போட சைக்கிள் செயின்களை வைத்து ஒரு கருவி கட்டினார். அப்பா பிரித்த எண், மகன் கட்டிய செயின் கருவி. இரண்டையும் ஒரே பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இது. விடை அச்சில் இருக்கிறது என்று தெரியும். விளக்கு எரியும்வரை அதைத் தேடிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வழி பழையது, ஃபெர்மா என்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் காட்டியது. தேடுகிற இரண்டு காரணிகளுக்கும் நடுவில் ஒரு எண் இருக்கும். அந்த நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் ஒரு முழு வர்க்கம் வரவேண்டும். 92,824-இன் வர்க்கம் நம் எண்ணைவிடச் சின்னது, 92,825-இன் வர்க்கம் பெரியது. அதனால் 92,825-லிருந்து ஒவ்வொன்றாக ஏறிப்போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் பத்து இலக்கப் பெருக்கல் போடாமல், "இது தேறாது" என்று தள்ளிவிடுவதற்குத்தான் செயின். உதாரணம் 11. எந்த வர்க்கத்தை 11-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 3, 4, 5, 9 இந்த ஆறில் ஒன்றுதான். நம் எண்ணை 11-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே நடு எண்ணை 11-ஆல் வகுத்தால் 1, 2, 4, 7, 9, 10 இதில் ஒன்று மீதியாக வந்தால்தான் அது தேறும். மற்ற ஐந்தும் கழிவு. 11 கண்ணி கொண்ட ஒரு செயினில் இந்த ஆறு கண்ணிகளில் மட்டும் ஒரு முளை வைத்து, கண்ணிக்குக் கண்ணி சுற்றினால், முளை வரும்போதெல்லாம் சுவிட்ச் மூடும். இதே மாதிரி வேறு எண்களுக்கும் செயின் போட்டு, எல்லா சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடினால் விளக்கு.

மீதி எடுக்கும்போது நேரம் மிச்சமாக ஒரு வழி: மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 799 − 460 + 616 − 8 = 947. இந்த 947-ஐ 7-ஆல் வகுத்தால் 2, 11-ஆல் வகுத்தால் 1. முழு எண்ணை வகுத்தாலும் அதே மீதிதான். 7-க்குத் தேறும் மீதிகள் 2, 3, 4, 5. 5-க்கு 0, 2, 3. இந்த மூன்றோடு 3-க்கும் 4-க்கும் ஒவ்வொரு செயின். அந்த இரண்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

செயினின் கண்ணி எண்ணிக்கை அந்தந்த எண்ணின் மடங்காக இருந்தால் போதும். காகிதத்தில் போட்ட முதல் திட்டத்தில் 11-க்கு 33 கண்ணி, 7-க்கு 35, 5-க்கு 35, 3-க்கு 33 என்று எழுதியிருந்தேன். பெட்டியில் கிடந்த இரண்டு பழைய செயினை எடுத்து, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் செயின் கட்டரால் 33 எண்ணி வெட்டினேன். இரண்டு முனையையும் கொண்டுவந்து சேர்த்தால் அகலக் கண்ணியும் அகலக் கண்ணியும் எதிரெதிரே நிற்கிறது. சைக்கிள் செயினில் அகலமும் ஒடுக்கமும் மாறி மாறித்தான் வரும். வளையமாக மூட வேண்டுமானால் கண்ணி இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். தினமும் கையில் பிடிக்கிற பொருள், எண்ணாக எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை. திட்டத்தை மாற்றினேன்: 4-க்கு 32, 3-க்கு 36, 5-க்கு 40, 7-க்கு 42, 11-க்கு 44. எல்லாம் இரட்டை, எல்லாம் அந்தந்த எண்ணின் மடங்கு. மொத்தம் 194 கண்ணி. இரண்டு செயினிலும் 112 வீதம் 224 இருந்ததால் போதும். வளையங்களின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்தது நல்லதாகப் போயிற்று; எல்லாம் ஒரே மட்டத்தில் தொங்கின.

அடுத்தது பல் சக்கரம். கழற்றிப் போட்ட 18 பல் ஃப்ரீவீல்கள் கடையில் எப்போதும் கிடக்கும். ஐந்து எடுத்தேன். ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 33.7 மி.மீ. ஃப்ரீவீலின் உள்மரைக்குள் அது ஏறத்தாழ இறுக்கமாகவே போனது. எமரி பேப்பரால் ஒரு சுற்றுத் தேய்த்து, மரச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். ஒன்றுக்கொன்று 60 மி.மீ. இடைவெளி. ஃப்ரீவீல் முன்பக்கம் சுற்றினால் பிடிக்கும்தானே, அப்படியே விடலாம் என்று நினைத்தது தப்பு. உள்ளே இருக்கிற பாவல், அதாவது கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிற சின்னத் துண்டு, பிடிக்கும்வரை கொஞ்சம் ஆட்டம் உண்டு. ஐந்து சக்கரத்துக்கும் ஐந்து விதமான ஆட்டம். பத்துக் கிளிக் போவதற்குள் ஒரு செயின் அரைப் பல் பின்தங்கிவிட்டது. உள்ளையும் வெளியையும் வெல்டிங் வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கத்து வெல்டிங் கடை அண்ணனிடம் கொண்டு போனேன். தொங்குகிற வளையங்களைப் பார்த்துவிட்டு, "என்ன மக்கா இது, ஜெபமாலையா?" என்றார். விளக்கிச் சொன்னதும் கேட்டுக்கொண்டார், "அப்போ பல்லு எல்லாம் ஒரே நேர்ல நிக்கணும், இல்லியா?" என்று அவர்தான் முதலில் கேட்டது. நான் கண்மட்டத்துக்கு வைத்துக் கொடுத்ததில் மூன்றாவது சக்கரம் கால் பல் தள்ளி வெல்ட் ஆகிவிட்டது. கிரைண்டரால் அறுத்து எடுத்து மறுபடி வைத்தோம். இரண்டாவது தடவை ஒரு நேரான ஸ்போக்கை ஐந்து சக்கரத்தின் பல் இடுக்குகளிலும் படுக்கவைத்து, ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டோம். ஸ்போக் நீளம் முழுக்கப் போதுமாக இருந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

தாங்கி இரண்டும் அயினிப் பலகை, வீட்டில் கதவு மாற்றியபோது மிஞ்சியது. துளை போட்டு, உள்ளே பழைய டயர் துண்டை வைத்து, கிரீஸ் தடவினேன். கைப்பிடிக்கு ஒரு பெடல் கிராங்க். ஒரு பல்லுக்கு ஒரு தடவை நின்று போக, உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றைக் கடைசிச் சக்கரத்தின் பல்லில் உரசும்படி திருகினேன். அந்தச் சத்தம்தான் கிளிக். 18 பல் என்பதால் ஒரு கிளிக்குக்குப் பைப் 20 டிகிரி திரும்பும்.

என்னை அதிக நாள் வாட்டியது முளைதான். மொத்தம் 92 முளை வேண்டும்: 4-செயினில் 8, 3-செயினில் 12, மற்ற மூன்றிலும் 24 வீதம். முதலில் செயின் கட்டரால் ரிவெட்டையே 2 மி.மீ. வெளியே தள்ளி முளையாக்கப் பார்த்தேன். வெளித் தகட்டின் கனமே ஒரு மி.மீ.தான், ரிவெட் மறுபக்கத் தகட்டை விட்டுக் கழன்று செயின் கையோடு வந்துவிட்டது. பற்றவைத்தால் சூட்டில் உருளை இறுகிவிடும் என்று பயந்து அதை விட்டேன். கடைசியில், 8 மி.மீ. நீளத்துக்கு ஸ்போக்கை வெட்டி, எம்-சீல் வைத்துத் தகட்டின் பக்கவாட்டில் ஒட்டினேன். மூன்று ஸ்போக் செலவானது. முதல் சுற்றில் ஒட்டியதில் 25-க்கு மேல் இரண்டே நாளில் உதிர்ந்தன. மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப்பசை போகாது. மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்தானே. உதிர்ந்த இடங்களைப் பெட்ரோலில் துடைத்து, எமரி போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் வந்த நாளாகப் பார்த்துக் காயவைத்து ஒட்டியதில் ஒன்றுகூட விழவில்லை. மழைக்காலத்தில் ஒட்டினால் இறுக ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

சுவிட்சுக்கு முதலில் டார்ச்சிலிருந்து எடுத்த பித்தளைத் தகடு. தகடு துள்ளியது, விளக்கு சிமிட்டியது. நாகர்கோவிலில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்ச் ஐந்து வாங்கி வந்தேன். அதையும் தொங்குகிற பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், செயின் ஆடுவதில் முளை தவறித் தவறிப் போனது. சக்கரத்தின் உச்சியில், பல்லில் செயின் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில் வைத்ததும் சரியானது. ஐந்தையும் வரிசையாக ஒரே கம்பியில் இணைத்து, ஒரு எல்இடி. கிளிக்கை எண்ண, நாமம் ஜெபிக்கிறவர்கள் விரலில் மாட்டுகிற சின்னக் கவுண்டர்.

தொடக்க நிலை வைப்பது முக்கியம். 92,825-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, 3-ஆல் 2, 5-ஆல் 0, 7-ஆல் 5, 11-ஆல் 7. ஒவ்வொரு செயினிலும் பூஜ்யக் கண்ணிக்கு வெள்ளைப் பெயின்ட் வைத்திருந்தேன்; அதிலிருந்து எண்ணி அந்தந்தக் கண்ணியைச் சுவிட்சுக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஏழாவது கிளிக்கிலேயே எரிந்தது. 92,832. மகள் கூட இருந்தாள், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தாள்: 13,19,425. கடைசியில் 25 என்று பார்த்ததும் இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. 1,148-இன் வர்க்கம் 13,17,904. 1,149-இன் வர்க்கம் 13,20,201. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. பொய் விளக்கு வரும் என்று எதிர்பார்த்ததுதான், ஐந்து செயினுக்குத் தப்பி வருகிற எண்கள் இருக்கத்தான் செய்யும். மேலே சுற்றினோம். 67, 103, 175, 235 ஆகிய கிளிக்குகளில் எரிந்தது. எதுவும் வர்க்கமில்லை. 300-இல் நிறுத்தினேன். கை வலித்தது.

மூன்று நாள் கருவியைத் தொடவில்லை. நாலாம் நாள் மகள்தான், "அப்பா, ஒவ்வொரு செயினா சோதிச்சுப் பாக்கலாம், வெள்ளைப் புள்ளி எந்தக் கிளிக்குல வரணும்னு நமக்குத் தெரியும்லா" என்றாள். 11-ஆல் மீதியின்றி வகுபடுகிற முதல் எண் 92,829. அப்படியானால் 11-செயினின் வெள்ளைப் புள்ளி நாலாவது கிளிக்கில் சுவிட்சுக்குக் கீழே வர வேண்டும். மூன்றாவது கிளிக்கிலேயே வந்து நின்றது. மற்ற நாலு செயினும் சரி. சுவிட்சைத் திருகும்போது ஒரு பல் முன்னால் வைத்துவிட்டேன், அரை இஞ்ச். அந்த அரை இஞ்சில், 92,832 தேறாத எண்ணாக இருந்தும் விளக்கு எரிந்தது. எரிய வேண்டிய இடத்தில் எரியாமல் போனது. இரண்டு திருகைத் தளர்த்தி, ஸ்கேல் வைத்து, 12.7 மி.மீ. பின்னால் தள்ளினேன். கண்ணியை எண்ணித் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு செயினின் வெள்ளைப் புள்ளியும் சரியான கிளிக்கில் வருகிறதா என்று தனித்தனியே பார்ப்பது இப்போது கட்டாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் 54 கிளிக் இருட்டாகப் போய், 55-இல் எரிந்தது. 92,880-இன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1,02,33,601. அது 3,199-இன் வர்க்கம். 92,880-இல் 3,199-ஐக் கழித்தால் 89,681, கூட்டினால் 96,079. மகள் பெருக்கினாள். ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள், நான் நோட்டைப் பார்த்துத் தலையசைத்தேன். இந்த இரண்டும் மேலும் பிரியுமா என்று பார்க்க, சின்னதை 293 வரையுள்ள 62 பகா எண்களாலும், பெரியதைக் கூடுதலாக 307-ஆலும் வகுத்துப் பார்த்தோம். இரண்டு சாயங்காலம் ஆனது. பிரியவில்லை. நேரே 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போயிருந்தால் 89,681-ஐத் தொட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டும். இங்கே 55 கிளிக்கில் முடிந்ததற்குக் காரணம், காரணிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. வித்தியாசம் 6,398 மட்டும்தான். தூரத்தில் இருந்திருந்தால் இந்தக் கைப்பிடியால் ஆகிற காரியமில்லை.

இப்போது 4-ம் 3-ம். எந்த வர்க்கத்தை 16-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4, 9 தான். நம் எண்ணின் மீதி 15. போட்டுப் பார்த்தால் நடு எண்ணின் வர்க்கம் 16-ஆல் மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும். அதாவது நடு எண் 4-இன் மடங்கு. 9-ஆல் வகுத்தால் வர்க்கங்களின் மீதி 0, 1, 4, 7. நம் எண்ணின் இலக்கக் கூட்டல் 56, மீதி 2. அதே மாதிரி போட்டால் நடு எண் 3-இன் மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 12-இன் மடங்கு. செயினில் இதற்காகத்தான் நாலில் ஒன்றும் மூன்றில் ஒன்றுமாக முளை வைத்தேன். வைத்துக்கொண்டிருந்தபோது உறைக்காத ஒன்று விளக்கு எரிந்த பிறகு நோட்டில் தெரிந்தது: 92,825-க்கு மேல் 12-இன் மடங்குகள் 92,832, 92,844, 92,856, 92,868, 92,880. ஐந்தே எண்! 92,844-ம் 92,856-ம் 5-செயினில் கழிந்துவிடும், 92,868 7-செயினில் கழியும், 92,832 11-செயினில் கழியும். ஒரு பெருக்கல்கூடப் போடாமல் 92,880 தனியாக நிற்கிறது. எழுதிப் பார்த்தபோது நான் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அதனால் அடுத்த தடவை அந்த இரண்டு செயினும் வேண்டாம். ஒரு கிளிக் என்றால் 12 என்று வைத்துக்கொண்டு, காலியாகும் இரண்டு சக்கரத்தில் 13-க்கும் 17-க்கும் செயின் போடலாம். கண்ணி வரிசையை மட்டும் மாற்றி எழுத வேண்டும். 12-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 11-செயின் அப்படியே இருக்கும். 7-செயினில் ஐந்தைந்தாகவும் 5-செயினில் இரண்டிரண்டாகவும் தாவி எழுத வேண்டும்.

செலவு: பைப் 110, வெல்டிங் 300, சுவிட்ச் ஐந்தும் 175, எம்-சீல் 120, எல்இடி, செல், கம்பி 65, கவுண்டர் 70. மொத்தம் 840 ரூபாய். செயின், ஃப்ரீவீல், ஸ்போக், பலகை எல்லாம் இருந்தது. கடையில்லாதவர்கள் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய குறை ஒன்று பாக்கி. ஒட்டிய முளை ஒட்டியதுதான். எண் மாறினால் தேறும் மீதிகளும் மாறும், 92 முளையையும் பெயர்க்க வேண்டும். மகள் இரண்டு எண்களைத் தானே பெருக்கி, விடையை மட்டும் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டாள். ஒன்பது இலக்கம். அதற்காக, 3 மி.மீ. காந்தத் துண்டுகளை மிஞ்சிய கண்ணிகளில் ஒட்டவைத்து, மைக்ரோ சுவிட்சுக்குப் பதில், காந்தம் பக்கத்தில் வந்தால் தானே மூடுகிற ரீட் சுவிட்ச் வைத்துப் பார்க்கிறேன். காந்தம் செயினின் இரும்பில் பசையில்லாமல் நிற்கிறது, விரலால் நகர்த்தவும் முடிகிறது. ஆனால் அடுத்தடுத்த கண்ணிகளில் இரண்டு காந்தம் வந்தால் ரீட் சுவிட்ச் நடுவில் திறக்காமல் மூடியே இருக்கிறது. ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி இடம்விழும்படி செயின் நீளத்தை இரட்டித்துப் பார்க்க வேண்டும். 11-க்கு 88 கண்ணி. பெட்டியில் இன்னும் இரண்டு பழைய செயின் இருக்கிறது, மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன்.